இன்குபேட்டரில் ஊற்றிய துளசி தீர்த்தம்

படித்தவர்களுக்குப் பக்தி கிடையாது என்பவர்கள் என் பி.எச்டி காலத்தைப் பார்த்ததில்லை.

திருச்சியில் ஒரு ஆய்வகத்தில், ஸ்டெம் செல்களிலிருந்து டோபமைன் சுரக்கும் மூளைச் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தேன். கை நடுக்க நோயில் அழிந்துபோவது இந்தச் செல்கள்தான். உடம்புச் சூட்டில் இன்குபேட்டருக்குள் வைத்து, நாள் தவறாமல் ஊட்டம் மாற்ற வேண்டும். இரண்டு முறை செத்துப்போயின. மூன்றாவது முறை நாற்பது நாள் தாண்டின. திங்கட்கிழமை ரிவ்யூ. இதுவும் போனால் என் பி.எச்டி அம்பேல்.

வெள்ளிக்கிழமை நான் ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து கிளம்பும்போதே அம்மா ஞாபகப்படுத்தினாள். "போன வாரம் குடுத்த தீர்த்தம் பையிலேயேதான் இருக்கா? அந்தச் செல்லுக்காவது காட்டுடி."

காட்டத்தான் சொன்னாள். நான் ஊற்றினேன். (அதிமேதாவி!) இன்குபேட்டரின் அடித்தட்டில் ஈரப்பதத்துக்காகக் கிருமி நீக்கிய தண்ணீர் இருக்கும். அதில் பாட்டிலைக் கவிழ்த்து, 'நன்றாக வளர வேண்டும் பெருமாளே' என்று கண்ணை மூடிக்கொண்டேன். துளசி இலை ஒன்றும் மிதந்தது. தீர்த்தத்தின் மேல் குற்றமில்லை. ஒரு வாரம் என் கைப்பையில், பாதி தின்ற கடலைமிட்டாயோடு கிடந்த பாட்டில் அது.

சனி, ஞாயிறுக்கும் சேர்த்து அன்றைக்கே ஊட்டத்தைக் கூடுதலாக விட்டுவிட்டு, இரண்டு நாளும் கதவைத் திறக்காமல் விரதம் இருந்தேன். திங்கள் காலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், தட்டு முழுக்க நீள நீளமாக இழைகள்! நரம்பு கிளை விட்டுவிட்டது என்று துள்ளிக் குதித்து, கைடு மேடத்தையும் ரிவ்யூவுக்கு வந்த பேராசிரியரையும் கையோடு அழைத்து வந்தேன்.

பேராசிரியர் வெகு நேரம் பார்த்தார்.

"எத்தனை நாள் செல்லும்மா?"

"நாப்பத்திரண்டு நாள் சார்."

"இதுக்கு மூணு நாளுக்கு மேல இருக்காதே. பூஞ்சை."

மேடம் இன்குபேட்டரைத் திறந்தார். துளசியை இடுக்கியால் தூக்கி என்னைப் பார்த்தார். "இது யாருங்க வச்சது?" என்னை அவர் 'ங்க' போட்டுப் பேசியது அன்று ஒரு நாள்தான்.

முதலிலிருந்து தொடங்க ஆறு மாத அவகாசம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதேன். அம்மா காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"என்னன்னு வேண்டிண்டே?"

"நன்னா வளரணும்னு."

"வளர்ந்திருக்கே! எதுன்னு நீ சொல்லலை."

பட்டம் வாங்கி, கல்யாணமாகி, வயிற்றில் ஐந்து மாதத்தோடு சன்னதியில் நின்றபோது அம்மா காதருகே குனிந்தாள். "நன்னா வளரணும்னு மட்டும் சொல்லிட்டு வந்துடாதே. மனுஷக் குழந்தைன்னு தெளிவாச் சொல்லிடு."

சொன்னேன். இரண்டு தடவை.