முதலாம் பாகத்துக்குப் போட்ட குரவை

எனக்கு எண்பத்திரண்டு வயது. பெற்றது பதினொன்று, நிலைத்தது ஒன்பது, மௌத்தாகிப் போன தங்கையின் மகனையும் சேர்த்து வளர்த்தது பத்து. பெண்மக்கள் நாலு பேருக்கும் வீடு கட்டித்தான் கலியாணம் முடித்து வைத்தோம் (எங்கள் பக்கத்தில் பெண்ணை மட்டும் கொடுத்தால் மாப்பிள்ளை எங்கே வந்து படுப்பார்?). என்னைப் பற்றி ஒரு சொல் குறைவாகச் சொல்லக் கல்முனையில் ஆள் கிடையாது. சொல்வதென்றால் ஒரே ஒரு காலை நேரத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதை மற்றவர்கள் சொல்லச் சொல்லக் கூடிக்கொண்டே போகிறது. அதனால் நானே எழுதிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டி எழுத நேரம் எடுக்கும். எனக்கு அவசரம் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் இரண்டாவது மகள் ஹமீதா, சிஸ்டர்மார் நடத்திய பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு ஏறினாள். கலைப்பாடம் என்று ஒன்று கட்டாயம் எடுக்க வேண்டுமாம். சித்திரத்துக்கு இடம் நிரம்பிவிட்டது. நடனம் என்று வாயெடுத்தால் வீட்டில் கூரை பறக்கும். மிச்சம் இருந்தது மேல்நாட்டுச் சங்கீதம்.

கல்முனை பசாரில் என் வீட்டுக்காரருக்குப் புடவைக்கடை. அவரிடம் நான்தான் கதைத்தேன்.

"இது பாட்டுப் பாடுற படிப்பு இல்ல. சரித்திரம். முந்நூறு வருசத்துக்கு முதல் வெள்ளைக்காரன் என்ன வாசிச்சான் எண்டு கேட்டுச் சொல்ற படிப்பு."

"கேட்டுச் சொல்றதுக்கு ஒரு படிப்பா?"

"உங்கட கடையில பட்டு எது, பொலியெஸ்டர் எது எண்டு தடவிப் பார்த்துச் சொல்றீங்களே. அதப்போலதான்."

அவர் ஒரு நிபந்தனை வைத்தார். "செரி. ஒரு பாடத்தில தவறினாலும் படிப்பு நிப்பாட்டு. நிந்தவூர்ல இருந்து ஒரு சம்பந்தம் வந்து நிக்கிது. அதப் பேசி முடிச்சிருவன்."

ஹமீதாவுக்கு வயது பதினாறு. டீச்சராக வேண்டும் என்பது அவள் ஆசை. நான் பதினைந்தில் கலியாணம் முடித்தவள், அதனால் அந்த ஆசை அவளைவிட எனக்குத்தான் அதிகம்.

சவூதியிலிருந்து என் தம்பி கொண்டு வந்த கெசட் ரேடியோ ஒன்று வீட்டில் இருந்தது. சிஸ்டர் கெசட்டுகளைக் கொடுத்துவிடுவார். பகல் சோறு முடிந்து வீட்டுக்காரர் கடைக்குப் போன பிறகு ஹமீதா கெசட்டைப் போட்டு, கொப்பியை விரித்துச் சத்தமாக வாசிப்பாள். நான் கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு மாதத்தில் அவளுக்கு வந்த பாடம் எனக்கும் வந்துவிட்டது. (எழுத்துத்தான் எனக்குப் பகை. காது என்றும் பகைத்ததில்லை.)

அந்த ஆட்களின் பெயர்கள் என் வாயில் நுழையா. நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஜெர்மன் நாட்டில் ஒருவர், இரண்டு மனைவிமார், இருபது பிள்ளைகள். அவர் 'இருபது பிள்ளைக்காரர்'. அந்த இருபதில் பாதி சின்னதிலேயே மண்ணுக்குப் போய், பத்துத்தான் வளர்ந்ததாம். அதைக் கேட்டபோது கீரையைப் பாயில் வைத்துவிட்டு அழுதேன். பத்து வளர்த்த வகையில் அவரும் நானும் ஒன்று. அவர் பிறந்த அதே வருசத்தில் பிறந்த இன்னொருவர் கலியாணமே முடிக்கவில்லை. கடைசிக் காலத்தில் இரண்டு பேருக்கும் கண் தெரியாமற்போனதாம். (இருபது பிள்ளை பெற்றவருக்குக் கண் போனதில் ஆச்சரியம் இல்லை. மற்றவருக்கு ஏன் போனதென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.)

இவர்களுடைய காலம் பரோக். அடுத்து வருவது கிளாசிக்கல். ஒரு துண்டைக் கேட்டவுடன் இது எந்தக் காலம் என்று சொல்ல வேண்டும். ஹமீதா திணறினாள். நான் வழி சொல்லிக் கொடுத்தேன்.

"இஞ்ச பாரு மகள். பரோக் எண்டா ரெண்டு பொம்புளயள் ஒரு உரல்ல மாறி மாறி இடிக்கிறது. ஒரு உலக்கை விழ மத்தது எழும்பும். மூச்சு விட இடமில்ல. மாவாகிற வரைக்கும் நிக்காது."

"மற்றது?"

"மற்றது கலியாணப் பேச்சு. ஒரு பக்கம் நாலு வார்த்தை கேட்டுட்டு நிப்பாட்டும். மத்தப் பக்கம் நாலு வார்த்தை மறுமொழி. நடுவுல கொஞ்சம் மனஸ்தாபம். மறுகா எல்லாரும் ஒரே சொல்லுக்கு வந்து நிப்பாங்க."

மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அடுத்த நாள் சிஸ்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். "உன் தாய் சொல்வதில் பிழை இல்லை" என்று சிஸ்டர் சொன்னாராம். அன்றைக்கு என் தலை பெருத்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

கேட்டுச் சொல்லும் பரீட்சைக்குக் கொழும்பிலிருந்து பரீட்சகர் ஒருவர் வருகிறார், பிள்ளைகளை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிடுவார் என்று செய்தி வந்தது. வயதுக்கு வந்த பிள்ளையை அந்நிய ஆணோடு ஒரே அறையில் விடுவதா? "நீ கூடப் போய் இருக்கிறதெண்டா போகட்டும்" என்றார் வீட்டுக்காரர். நான் சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். அவர் நெடுநேரம் யோசித்து ஒத்துக்கொண்டார்.

"பின்னுக்கு ஒரு கதிரையில் இருங்க. ஆனால் வாய் திறந்து ஒரு சொல் சொல்லக்கூடாது."

"ஒரு சொல்லும் சொல்ல மாட்டன் சிஸ்டர்" என்றேன். (இதைக் கவனித்து வாசியுங்கள். சொல் என்றுதான் அவர் சொன்னார்.)

பெருநாளுக்கு உடுக்கும் சேலையை உடுத்து, முக்காட்டை இறுக்கிக்கொண்டு போனேன். பரீட்சகர் மட்டக்களப்புப் பறங்கி மனிதர், போர்த்துக்கேயர் வழி வந்தவர். அறுபது வயதிருக்கும். வெள்ளைக் காற்சட்டை, கழுத்தில் டை, தமிழ் மட்டும் நம்மைப் போலவே. ஹமீதாவை முன்னால் இருத்திச் சொன்னார்.

"பிள்ள, ஒரு துண்டு போடுறன். ஓடி ஓரிடத்தில நிக்கும். எந்தக் காலம், என்ன வாத்தியம், அது நிண்ட இடத்தில முழுசா முடிஞ்சுதா, இன்னும் இருக்கா எண்டு சொல்ல வேணும். கடைசிக் கேள்விக்குத்தான் புள்ளி கூட."

கெசட் ஓடியது. நாலு வார்த்தை கேட்டவுடனே எனக்கு விளங்கிவிட்டது. கலியாணப் பேச்சு. ஒரு பக்கம் முப்பது நாற்பது வாத்தியங்கள், மாப்பிள்ளை பகுதிச் சனம் போல. மறுபக்கம் தன்னந்தனியாக ஒரு பியானோ. பெண்ணைப் பெற்றவள்.

அவர்கள் கேட்டார்கள். இவள் பணிவாகச் சொன்னாள். அவர்கள் குரலை உயர்த்தினார்கள். இவள் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் எங்கோ போய் இரண்டு பக்கமும் முகம் சுளித்துக்கொண்டன, பேச்சு முறிந்துவிடும் போல் இருந்தது. பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். கடைசியில் அவ்வளவு சனமும் வாயை மூட, அந்தப் பியானோ தனியாகக் கதைக்கத் தொடங்கியது. யாரும் குறுக்கே பேசவில்லை. அவள் தன் மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினாள். எனக்குக் கண்ணீர் வழிந்தது. நாலு பெண்ணைப் பெற்ற எனக்கு எந்தச் சபையில் இப்படிக் கதைக்க இடம் கிடைத்தது? அவள் சொல்லி முடித்தாள். அவ்வளவு வாத்தியமும் எழும்பி ஒரே குரலில் ஓம், ஓம், ஓம் என்று சம்மதித்தது. நின்றது.

பேச்சு முடிவானால் எங்கள் ஊரில் பெண்கள் என்ன செய்வார்கள்?

குரவை போடுவார்கள். நாக்கை மடித்துச் சுழற்றி எழுப்பும் அந்தச் சத்தத்தில் எனக்கு நிகர் ஊரில் யாரும் இல்லை, கலியாண வீடுகளுக்கு என்னை ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். என் கை வாய்க்குப் போனது தெரியும். மற்றது எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்து ஓடு அதிரும்படி ஒரு குரவை போட்டேன்.

பரீட்சகரின் கண்ணாடி மேசையில் விழுந்தது. ஹமீதா திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. எங்கள் ஊரில் ஒரு குரவை கேட்டால் கேட்ட பெண் சும்மா இருக்க மாட்டாள், அது ராசியில்லை. மதிலுக்கு அப்பால் மைமூன் ராத்தாவின் வளவு. அங்கே மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் பதில் குரவை போட்டார்கள். அதைக் கேட்டு அடுத்த வளவு. அதைக் கேட்டு அதற்கடுத்த வளவு. கடற்கரைப் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது.

மைமூன் ராத்தாவின் தலை மதிலுக்கு மேலால் எழும்பியது. "என்னகா, ஹமீதாக்கு முடிவாச்சா? மாப்பிள எந்த ஊரு?" என்று கேட்டவர், உள்ளே டை கட்டிய பறங்கி மனிதரைக் கண்டதும் "அல்லாஹ்வே" என்று இறங்கிவிட்டார்.

சத்தம் கேட்டுச் சிஸ்டர் ஓடி வர, பரீட்சகர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். முகம் சிவந்திருந்தது.

"சிஸ்டர், துண்டு நிக்கிற இடத்தில தாய் சைகை குடுக்கிறா. இது பரீட்சைக் குற்றம். நான் ரத்துப் பண்ண வேண்டி வரும்."

பத்தாம் வகுப்பு, டீச்சர் வேலை எல்லாவற்றையும் என் ஒரு நாக்கால் கவிழ்த்துவிட்டேன். நிந்தவூர் மாப்பிள்ளை பந்தலில் வந்து இருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது ஹமீதா எழும்பினாள். வீட்டில் அவள் குரல் அடுப்படியைத் தாண்டாது.

"சேர், உம்மா சைகை தரல்ல. உம்மா முடிஞ்சுதெண்டு நினைச்சுப் போட்டா. அது பிழை. முடியல்ல. இன்னும் ரெண்டு பாகம் இரிக்கு. அடுத்தது மெதுவா வரும், மறுகா கடைசி ஒண்டு வேகமா வரும்."

"எப்படித் தெரியும்?"

"பியானோவும் கூட்டமும் சேர்ந்து வாசிக்கிற கிளாசிக்கல் துண்டு, சேர். இது மூண்டு பாகம். இப்ப முடிஞ்சது முதலாவது. உம்மாக்கு நான் அதப் படிச்சுக் குடுக்கல்ல."

பரீட்சகர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"தாய் காட்டினது பிழையான விடை. மகள் சொன்னது சரியான விடை. அப்ப இது சைகை இல்ல" என்று பேனையை எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அது கிடக்க, நீங்க ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

வாய் திறக்கக்கூடாது என்ற கட்டளை நினைவிருந்தது. சிஸ்டரைப் பார்த்தேன். "சொல்லுங்க, இனி என்ன" என்றார் அவர். மாப்பிள்ளை பகுதி, பெண் பகுதி, கடைசியில் தனியே கதைத்த தாய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மனிதர் சிரிக்கவில்லை. "முப்பது வருசமாப் படிப்பிக்கிறன்" என்று மட்டும் சொல்லி எதையோ எழுதினார்.

எழுதி முடிக்கவில்லை, வாசலில் சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் துணி அளக்கும் கோலோடு நின்றார். செய்தி பசாருக்கு நடந்து போகவில்லை, பறந்து போயிருக்கிறது.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாம மகளுக்கு முடிவு பண்ணிட்டியாம். மட்டக்களப்பு மாப்பிளையாம்" என்றவர் பரீட்சகரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கோல் கொஞ்சம் உயர்ந்தது. "இவரா?"

"எனக்குப் பேரப்பிள்ளையள் அஞ்சு, முதலாளி" என்றார் பரீட்சகர்.

"முடிவு ஒண்டுமில்ல, முதலாம் பாகம் மட்டுந்தான்" என்றேன் நான். அவரைச் சமாதானப்படுத்தச் சொன்னது. அது எப்படி அவருக்குக் கேட்டிருக்கும் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்கவில்லை. மகள் மிச்ச இரண்டு துண்டையும் கேட்டு முடித்த பிறகு, வீடு வரும்வரை அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

பெறுபேறு வந்தபோது மேல்நாட்டுச் சங்கீதத்தில் சாதாரண சித்தி, அதாவது வெறும் பாஸ். தவறவில்லை, ஆகவே வீட்டுக்காரர் சொல்லைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அவர் மனம் மாறியிருந்தாலும் வழி இல்லை. மட்டக்களப்பில் பேசி வைத்த பெண் என்ற கதை சாய்ந்தமருது, நிந்தவூர் தாண்டி அக்கரைப்பற்று வரை போய்விட்டது. நிந்தவூர்ச் சம்பந்தம் முதல் ஆளாகப் பின்வாங்கியது. இரண்டு வருசம் ஒரு தரகரும் எங்கள் கடப்படியை மிதிக்கவில்லை. வீட்டில் சும்மா இருப்பதற்குப் படிக்கட்டும் என்று அவரே சொன்னார். அவள் படித்தாள். டீச்சரானாள். பிறகுதான் கலியாணம். அவரே பேசி முடித்தார், நல்ல மாப்பிள்ளை.

என் குரவைதான் உன்னை டீச்சராக்கியது என்று நான் சொல்வேன். திறமைச் சித்தி வர வேண்டிய இடத்தில் சாதாரண சித்தி வந்தது அந்தக் குரவையால்தான், அதற்குப் பிறகு போட்ட இரண்டு துண்டும் ஒன்றும் காதில் ஏறவில்லை என்று அவள் சொல்வாள். நாற்பது வருசத்துக்கு மேலாக இந்த வழக்கு நடக்கிறது.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாரும் அவசரப்பட்டுச் சந்தோசப்பட முடியாது. பேரன் பரீட்சை நல்லாச் செய்தேன் என்று வந்தால், யாராவது ஒருவர் "இன்னும் ரெண்டு பாகம் இரிக்கு" என்பார். கலியாண வீடுகளில் நான் வாய்க்குக் கை கொண்டு போனால் முழு வீடும் திரும்பிப் பார்க்கும். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுநோ வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டொக்டர் ஆபத்தில்லை என்றார். நான் அழுதுகொண்டே எழும்பிக் கையை வாய்க்குக் கொண்டு போனேன். அவர் கண்ணைத் திறந்து, ஊசி ஏற்றின கையைத் தூக்கி, இரண்டு விரலைக் காட்டினார். சொன்னபடியே அந்த இரண்டு பாகத்தையும் இன்னும் ஒன்பது வருசம் இருந்து முடித்தார்.

என் மகன் வழிப் பேத்தி நஸ்ரின், இந்தக் கொப்பியை எடுத்து முதலிலிருந்து வாசி. எழுத்துப் பிழைகளை உன் மனதோடு வைத்துக்கொள். கொஞ்சம் சத்தமாக வாசி, உன் ஹமீதா மாமி அடுப்படிக்குள்தான் நிற்கிறாள்.