மரண அறிவித்தல் வாசிக்கும் சாமி

வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதையைப் பார்த்தபடி நிற்கும் ஒரு லொட்ஜின் மேல்மாடியில் தெளிவானந்த சுவாமிகள் வந்து இறங்கியிருந்தார். படிக்கட்டு முழுக்கச் செருப்பு. காணாமற்போன நகை, கைகூடாத கலியாணம், கிடைக்காத விசா எல்லாம் இவருக்குச் சில்லறை வேலை. இவருடைய தனித் துறை வயிறு.

சிறுநீரகம் கைவிட்டவர்களில் சிலர் வயிற்றில் ஒரு குழாய் வைத்து, பையிலுள்ள திரவத்தை அதன்வழியே உள்ளே விட்டு, சில மணி நேரம் ஊறவைத்து வெளியே எடுப்பார்கள். வருவது தெளிவாக இருந்தால் நல்லது. கலங்கி வந்தால் வயிற்றுக்குள் கிருமி புகுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கலங்கலைக் கண்டுபிடிக்கக் கிளினிக்கில் தாதி வேலை பார்க்கும் மிஸ்ஸிமார் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பைக்குப் பின்னால் பத்திரிகையைப் பிடியுங்கள், எழுத்தை வாசிக்க முடிகிறதா பாருங்கள்.

சுவாமிகள் இந்தச் சோதனையை அப்படியே சுவீகாரம் எடுத்துக்கொண்டார். கலங்கிய பையை வாங்குவார். மஞ்சள் பட்டுத் திரைக்குப் பின்னால் போவார். மணி கிணுகிணுக்கும், சாம்பிராணி புகையும். வெளியே வரும்போது பை பளிங்காக இருக்கும். பின்னால் பத்திரிகையைப் பிடித்துக் கூட்டம் கேட்க வாசிப்பார். நம்மவர் வீடுகளில் அதிகம் கசங்கும் மரண அறிவித்தல் பக்கமே சாமியின் கையிலும் இருந்தது. யாரோ ஒருவர் கனடாவில் சிவபதமடைந்த செய்தியை நோயாளி கண்ணீர் மல்கக் கேட்டுக் கும்பிடுவார்.

காசு வாங்கமாட்டார் என்பதில் பக்தர்களுக்குப் பெருமை. "ஹோமத்துக்கு ஒரு துண்டு பொன், பாவிக்காத புதுப் பை ரெண்டு. வேறொண்டும் கேக்கமாட்டார்" என்று முன்வரிசை ரஜனி அக்கா வருவோருக்கெல்லாம் சொன்னார். பொன் சரி, சாமிக்குப் புதுப் பை எதற்கு? அவருடைய சிறுநீரகம் இரண்டும் அருமையாக வேலை செய்தன. அடிக்கடி எழுந்து பின்பக்கம் போய்வந்தார். ஒருவரும் கேட்கவில்லை.

அன்று கொட்டாஞ்சேனையிலிருந்து முத்துலிங்கம் தன் மனைவி யோகேஸ்வரியை ஓட்டோவில் கூட்டி வந்திருந்தார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் மடிந்து கிடந்தாள். உடம்பு கொதித்தது. காலையில் வந்த பை பால் கலந்த மாதிரி இருந்தது.

"என்னங்க, ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாங்க. தாங்க முடியல."

"கொஞ்சம் பொறு. சாமி பையத் தெளிய வச்சிட்டாருன்னா வலி தானா போயிரும்."

அவளுடைய வளையல் ஏற்கெனவே காணிக்கைத் தட்டில் இருந்தது. அவளுக்கு வேண்டிய மருந்து ஆஸ்பத்திரியில் இருந்தது. முத்துலிங்கம் கெட்டவர் அல்ல. மனைவி இல்லாமல் ஒரு நாள் இருக்கத் தெரியாதவர். அந்தப் பயத்தில்தான் சாமியின் வயிறு வளர்ந்தது. எனக்கு ஆத்திரம் வருவதும் அந்த இடத்தில்தான்.

அப்போது கஜேந்திரன் உள்ளே வந்தார். ரியூஷனில் இரசாயனவியல் படிப்பிப்பவர். அவர் வயிற்றிலும் குழாய் உண்டு. முத்துலிங்கம் தம்பதியைக் கிளினிக்கில் பழக்கம். சாமியிடம் போவதாக முத்துலிங்கம் போனில் சொன்னதும், ஒரு பையைத் தயார் செய்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"முதல்ல இதைப் பாருங்கோ, சாமி. எனக்கும் அந்தத் தங்கச்சிக்கும் நேரமில்லை."

சாமி பையைத் தூக்கிப் பார்த்துக் கண்ணை மூடினார். "கடும் விஷம். செய்வினை. உன் மனைவி வழி உறவில் ஒருத்தி."

"நான் கலியாணம் கட்டேல்லை, சாமி."

"கட்டவிடாமல் செய்ததும் அவள்தான்."

கூட்டத்துக்குப் புல்லரித்தது. மணி அடித்தது, புகை வந்தது, பை பளிங்காகத் திரும்பியது. "உன் வயிற்று விஷம் நீங்கியது" என்றார் சாமி.

"வயித்தில இருந்து வந்ததெண்டு ஆர் சொன்னது? அது காலமை நான் சோறு வடிச்ச கஞ்சி."

கும்பிட்ட கைகள் சில கீழே இறங்கின. ரஜனி அக்கா மட்டும் தளரவில்லை. "கஞ்சியையே தெளிய வைச்சவரெண்டால், சாமிக்கு எவ்வளவு சக்தி இருக்கோணும்?" பலர் தலையாட்டினார்கள். மூளையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வருவதில் இதுதான் வசதி.

கஜேந்திரன் யோகேஸ்வரியிடம் சாமி திருப்பித் தந்த பையை நீட்டினார். "தங்கச்சி, காய்ச்சல் இல்லாத நாளில உங்கட பை என்ன நிறத்தில வரும்?"

"வெளிர் மஞ்சளா வருங்க, சேர்."

"இது?"

அவள் உற்றுப் பார்த்தாள். "பச்சத் தண்ணி மாதிரி இருக்கு. இது யாரு வயித்துக்குள்ளயும் போகலைங்க. புதுப் பை."

கஜேந்திரன் திரையை இழுத்தார். பின்னால் ஒரு வாளிக்குள் கஞ்சிப் பை. பக்கத்தில் பக்தர்கள் காணிக்கையாகக் கொடுத்த, தெளிந்த திரவம் நிறைந்த புதுப் பைகள், சுவர் உயரத்துக்கு. தங்களை ஏமாற்றத் தேவையான சாமானைத் தாங்களே படியேறிச் சுமந்து வந்து, கும்பிட்டும் கொடுத்திருந்தார்கள்.

சுவாமிகள் வழக்கம்போல எழுந்து பின்பக்கம் போனார். இந்தமுறை திரும்பி வரவில்லை.

"வளையல எடுங்க. ஓட்டோவப் புடிங்க" என்றாள் யோகேஸ்வரி. முத்துலிங்கம் தட்டிலிருந்த வளையலை எடுத்துக்கொண்டு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் கிருமியைக் கொல்லும் மருந்தைப் பைக்குள் கலந்து, அதே குழாய்வழியே வயிற்றுக்குள் விட்டார்கள். மணியும் இல்லை, புகையும் இல்லை. காய்ச்சல் இறங்கியது. சில நாளில் பை வெளிர் மஞ்சளாக, எழுத்துத் தெரியும்படி வந்தது. இன்னும் பிந்தியிருந்தால் உயிர் தப்பியிருக்காது என்று டொக்டர் சொன்னபோது, முத்துலிங்கம் வார்டு என்றும் பாராமல் அழுதார்.

சாமி இப்போது நுகேகொடைப் பக்கம் முழங்கால் வலி பார்க்கிறாராம். ரஜனி அக்கா பஸ் நம்பர் விசாரிக்கிறார். போக விரும்புகிறவர்கள் தாராளமாகப் போகலாம். பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது. யோசிக்கச் சோம்பல்படுகிறவர்கள் அதில் போட ஒரு நல்ல படமாக இப்போதே எடுத்து வைத்துவிட்டுப் போகட்டும்.