குங்குமம் வைத்த மகிழமரம்

கண்டி டவுனில் டேப் அண்ணன் கட்டிப்பிடிக்காத மரமே கிடையாது. கட்டிப்பிடித்தால்தானே சுற்றளவு எடுக்கலாம்! தெல்தோட்டைக்காரர். எங்கள் மாநகரசபை அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவர் கழுத்தில் டேப்தான் மாலை. ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமாவையே சுற்றி டேப்பைப் போட்டு, "மாரா மரத்துக்கு ஒரு சாண்தாங்க குறைச்சல்" என்று சொல்லி, எங்கள் எல்லாருடைய சாப்பாட்டுக்கும் வேட்டு வைத்தார்.

நடைபாதையை அகலமாக்கிய வருடம், தெருவோரத்தில் எந்த மர இனம் முக்கியம் என்று அளந்து சொல்லும் வேலை எங்கள் இருவர் தலையில் விழுந்தது. எத்தனை மரம், எத்தனை தெருவில், எவ்வளவு பருமன். மூன்றையும் கூட்டினால் புள்ளி. கடைசியில் வரும் இனத்தை வெட்டுவார்கள். தெருவையே குடையாய் மூடி நிற்கும் மாரா முதலாவது. ஒற்றையாய் நின்ற மகிழமரம் கடைசி. அதன் நிழலில்தான் பிலோமினா அக்காவின் கடலை வண்டி.

"தம்பி, ரெண்டு புள்ளி கூடப் போட்டா குடியா முழுகிடும்? இந்த நிழலு போனா நான் எங்க போறது?"

"அளவுன்னா அளவுதாங்க அக்கா. நான் ஒரு குடை வாங்கித் தர்றேன்" என்றார் அண்ணன்.

"உங்க குடைய நீங்களே வச்சுக்குங்க!"

வெட்ட வேண்டிய மரத்தில் சோக்குக் கட்டியால் குறி போட வேண்டும். அன்று பார்த்து சோக் தீர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை, சட்டைப்பையில் கோயில் குங்குமம் இருந்தது. மனுஷன் யோசிக்கவேயில்லை, அதை எடுத்து மரத்தில் அப்பிவிட்டார்.

மறுநாள் காலை மகிழமரத்துக்கு மாலை, ஊதுபத்தி, உடைத்த தேங்காய்! வெட்ட வந்தவர்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். "ஐயையோ, அது சாமியில்லங்க, வெட்டச் சொல்லிப் போட்ட குறி!" என்று போவோர் வருவோரிடமெல்லாம் அண்ணன் அலறினார். ஓர் அம்மா அவர் நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டுப் போனார்.

மேலதிகாரி கொதித்தார். "மொதல்ல அத அழிங்க. அழிச்சாத்தான் வெட்டுவாங்களாம்."

"நான் வச்சது, நானே அழிக்கிறேன்" என்று அண்ணன் ஈரத் துணியோடு கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற பிலோமினா அக்கா, ஊதுபத்திக்குப் பக்கத்தில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து ஒதுங்கினார். "அழிங்க தம்பி. உங்க வேலய நீங்க பாக்கணுமே."

அண்ணன் துணியைத் தூக்கினார். கை மரத்துக்குப் போகவில்லை. முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார். "சரியான வெயிலு" என்றார். மரத்தடியில் ஒரு பொட்டு வெயில் கிடையாது. துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றினார்.

அவர் இப்போது தெல்தோட்டைக்கே போய்விட்டார். மகிழமரம் பூத்துக் கொட்டுகிறது. அந்தப் பக்கம் கடலை வாங்கப் போகும்போதெல்லாம், அவரை ஒருதரம் பார்த்தால் தேவலை என்றிருக்கிறது.