சுரங்க வாசலில் கெட்டிமேளம்

தவில் வாசிப்பவனுக்கு மூளை தலையில் இல்லை, கையில் இருக்கிறது. தாலி கட்டும் நேரம் தும்மலோ அழுகையோ யார் காதிலும் விழக்கூடாது. அதனால் ஐயர் விரலை உயர்த்தி ஆட்டியதும் கெட்டிமேளம் முழங்கவேண்டும், யோசிக்க நேரமில்லை. இந்தப் பழக்கத்தால் ஒஸ்லோவில் ஒருமுறை என் மானம் போனது.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் வீடு வீடாகத் தபால் போடுவேன், சனி ஞாயிறுகளில் தமிழ்க் கல்யாணங்களில் தவில் வாசிப்பேன். (ஒஸ்லோவில் தவிலுக்கு ஆள் குறைவு. ஆகவே என்னைப் பற்றி எனக்குப் பெரிய நினைப்பு.) ஒரு சிறிய திரைப்படச் சங்கத்தை நடத்திய இங்ரிட், ஊமைப்படம் ஓடும்போது பக்கத்திலிருந்து தவில் வாசிக்க ஆள் வேண்டுமென்று என்னைத் தேடி வந்தாள்.

ஆஸ்திரேலியப் பாலைவனத்தில், ஒரு சுரங்க ஊரில் எடுத்த ஊமைப்படம் தொலைந்துபோய்விட்டதாம். மிஞ்சியது ஒரு துண்டுதான். அதுவும் ஆர்னே என்ற கிழவரின் வீட்டு நிலவறையில் கிடைத்ததாம். அவருடைய தகப்பன் அந்தச் சுரங்கத்தில் வேலைக்குப் போய் அங்கேயே இறந்தவர். கூட வேலை செய்தவர்கள் அனுப்பிவைத்த பெட்டிக்குள் அந்தச் சுருள் இருந்திருக்கிறது. ஆர்னே தகப்பனின் முகத்தைக் கண்டதே இல்லை. படத்தின் கடைசியில் அந்தத் தகப்பன் வருவார், அப்போது தான் விரலை உயர்த்தியதும் நான் வாசிப்பை நிறுத்திவிட வேண்டும், மகன் தகப்பனை அமைதியில் பார்க்கட்டும் என்றாள் இங்ரிட். நான் பெரிதாகத் தலையாட்டினேன்.

"கல்யாண வீட்டுப் புத்தியை அங்கை காட்டிப்போடாதேங்கோ," என்று மனைவி சொல்லித்தான் அனுப்பினாள்.

சங்கத்தின் சின்ன அரங்கில், ஆர்னே முன்வரிசையில் இருக்க, விளக்கு அணைந்தது. குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரலால் மெதுவாகத் தட்டினேன். திரையில் மரமே இல்லாத வெளி. கறுப்பு வெள்ளையிலும் வெயில் சுட்டது. பூமிக்குள்ளிருந்து மனிதர்கள் ஒவ்வொருவராக ஏறி வந்து, கண்ணைக் கசக்கி, எங்களையே பார்த்தார்கள். அத்தனை பேரும் எப்போதோ இறந்தவர்கள். ஒருவன் நாயைத் தடவிக்கொடுத்தான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வாசிக்கிறேன் என்பதே மறந்துபோனது.

சுரங்க வாசலில் நெட்டையான ஒருவர் தொப்பியைக் கழற்றினார். இங்ரிட் விரலை உயர்த்தினாள்.

குச்சி எப்படிக் கைக்கு வந்ததென்று இன்றும் தெரியாது. கெட்டிமேளம் முழங்கியது. இங்ரிட் பதறிப்போய் விரலை ஆட்டினாள். (ஐயர்மாரும் அப்படித்தான் ஆட்டுவார்கள்.) நான் இன்னும் வேகம் கூட்டினேன். யாரோ கோப்பியைக் கொட்டினார்கள். படம் முடிந்து திரை வெறும் வெள்ளையான பிறகுதான் என் கை ஓய்ந்தது.

ஆர்னே திரும்பினார். முகமெல்லாம் ஈரம். ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தேன். இந்த மேளம் உங்கள் ஊரில் எதற்கு என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு தும்மலையும் அழுகையையும் பற்றிச் சொன்னேன்.

 ஆர்னே நோர்வீஜிய மொழியில் மெதுவாகச் சொன்னார்: "நான் சத்தம் போட்டு அழுதேன். ஒருவருக்கும் கேட்கவில்லை."

பிறகு இங்ரிட்டிடம் படத்தை மறுபடி போடச் சொன்னார், மேளத்தோடு.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது விரலை உயர்த்தினால் மகள் காதைப் பொத்திக்கொள்வாள். மனைவி மட்டும், தனக்கு அழுகை வரும்போது, என்னைப் பார்த்து விரலை ஆட்டுவாள்.