செம்மறி வளைவுப் படலம்

வாழ்க இட்வால் பெப்! மழை ஓய்ந்தறியாத வேல்ஸ் நாட்டில், கடலும் மலையும் முட்டிக்கொள்ளும் போர்த் வெலின் பட்டினத்தில், பணிக்காலம் முழுதும் செங்குத்துச் சாலையில் பேருந்தோட்டி ஓர் ஆட்டையும் இடித்தறியாத அருட்கரத்தோனே! ஓய்வூதியம் வாங்கியும் ஓய்ந்திராதவனே! பசை உலராத பத்து விரலோனே! மூக்குக்கண்ணாடிமேல் மூக்குக்கண்ணாடி அணிந்து நாற்கண்ணனாய் விளங்குபவனே! வாழ்க நின் மரப்பலகை! வாழ்க அதன்மேல் நீ எழுப்பிய மாமலையும், அம்மலைமேல் நீ ஒட்டிய மரத்தூள் பசும்புல்லும்! உன் புகழைச் சொல்ல வந்த நான் பெரும்புலவன் அல்லன். போர்த் வெலின் மாதிரி ரயில் கழகத்தில் சந்தா கட்டி, கண்காட்சியன்று டீ போடுகிறவன்.

முன்னொரு காலத்தில் அப்பட்டினத்துக்கு ஒரு ரயில் இருந்தது. இரண்டடி அகலமே கொண்ட ஒல்லித் தண்டவாளத்தில், கும் ஹெலிக் குவாரியில் வெட்டிய சிலேட்டுக்கல்லைச் சுமந்து, எஞ்சின் இன்றி, நீராவி இன்றி, இழுப்பார் இன்றி, தள்ளுவார் இன்றி, தன் பாரமே தனக்குத் தேராக, மலையுச்சியிலிருந்து துறைமுகம் வரை தானே உருண்டு வந்த ரயில் அது. காலி வண்டிகளை மேலே இழுத்துச் செல்லும் குதிரை, இறங்கும்போது கடைசி வண்டியில் தானும் ஏறி நின்றுகொண்டு, வைக்கோலை அசைபோட்டபடி, போகிற ஊருக்குப் புறங்காட்டி, வந்த மலையைப் பார்த்துக்கொண்டே வரும். அப்படியொரு வாழ்வு அதற்குப் பிறகு எந்தக் குதிரைக்கும் வாய்க்கவில்லை.

அந்த ரயிலைத்தான் இட்வால் மீண்டும் படைத்தான். தீப்பெட்டியளவு வண்டிகள், அவற்றில் உண்மையான குவாரியின் உண்மையான சிலேட்டுச் சில்லுகள், கடைசி வண்டியில் ஈயக் குதிரை, வார்னீஷ் பூசிய கடல், கடற்கரையில் காலணி கழற்றிய ஒரு கனவான். இவையனைத்தையும் அவன் படைத்த இடமோ, பாதிரியாரோ சவப்பெட்டியோ வந்தாலன்றித் திறக்கப்படாததும், அவன் இல்லாள் நெஸ்டா வாரந்தோறும் மெழுகி மெருகேற்றிக் காத்து வந்ததுமான முன்னறை. ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் என்று கேட்டான். அவள் கொடுத்தாள். இப்போது நடப்பது நான்காவது குளிர்காலம்.

இனிப் பகையைச் சொல்வேன். மலைக்கும் துறைமுகத்துக்கும் சரிபாதியில் ஒரு வளைவு உண்டு. அங்கே அரை நகம் உயரமுள்ள ஈயச் செம்மறி ஒன்று, யாருக்கும் ஒரு தீங்கும் நினையாத முகத்தோடு நின்றுகொண்டிருக்கிறது. குவாரியின் முகப்பில் கதவைத் திறந்ததும், மதம் பிடித்த களிறெனப் புறப்படும் வண்டித்தொடர், பாலம் கடந்து, குகை கடந்து, பாறை பிளந்து பாய்ந்து வந்து, அந்தச் செம்மறியைக் கண்டதும் நின்றுவிடும். இடிக்காது, கவிழாது, தடம் புரளாது. பேருந்து நிறுத்தத்தில் நிற்பது போல நிற்கும்.

சக்கரத்தைத் தேய்த்தான், நின்றது. அச்சுக்கு எண்ணெய் விட்டான், நின்றது. தூண்டில்காரரின் ஈயக்குண்டுகளைச் சில்லுகளுக்கு அடியில் ஒளித்துப் பாரம் ஏற்றினான். முன்னினும் கம்பீரமாக நின்றது. நம்மைப் போன்ற சாமானியர் ஒரு விரலால் தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்போம். ஆனால் கழகத்தின் முதற்சட்டம் விரலை விலக்கியிருக்கிறது. ஓடுகிற வண்டியை எவன் கையால் தொடுகிறானோ, அவன் ஐவிரல் எஞ்சின் வைத்திருப்பவன் என்று ஏசப்படுவான். சென்ற ஆண்டு இட்வால் தன்னை மறந்து ஒரு கணம் தொட்டான். கழகம் அவன் பலகையைத் திருப்பி அனுப்பியது. அன்று முதல் வண்டி உருளும்போதெல்லாம் அவன் கைகளை முதுகுக்குப் பின்னே கோத்துக்கொண்டு நிற்கிறான்.

நெஸ்டா ஒருநாள் கதவருகே நின்று, கவசமோ கேடயமோ இல்லாமல், கையில் துடைக்கும் துணியோடு யோசனை சொன்னாள்.

“இட்வால், அந்தக் கோடியில பலகைக்கு அடியில ரெண்டு பாட்டுப் புத்தகத்தச் சொருகு. தானா எறங்கிடும்.”

“அன்னிக்கு இருந்த சரிவு இவ்வளவுதான், நெஸ்டா. அதுக்கு மேல ஒரு மயிரிழைகூட ஏத்த மாட்டேன்.”

“அன்னிக்கு இருந்த மலை என் முன்ரூம்லயா இருந்துச்சு?”

சரித்திரத்தில் இதற்கு விடையில்லை. ஆனாலும் இட்வால் இணங்கவில்லை. மலையின் சரிவை ஒருமுறை உயர்த்தியவன் அடுத்து எதை உயர்த்துவான், கடலையா என்று அவன் தன்னைத்தானே வினவினான். இப்படி மலை நியாயத்தில் உறுதியாய் நிற்க, வண்டி செம்மறியிடம் உறுதியாய் நின்றது.

அப்போதுதான் திசையதிரும் பிரகடனம் ஒன்று அடுக்களையிலிருந்து எழுந்தது.

“மொர்வித் சனிக்கிழமை வர்றா. என் கூடப்பொறந்தவ. பட்டகோனியாவுலேர்ந்து கடல் தாண்டி வர்றவள நான் அடுப்படியில ஒக்கார வெக்க மாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள உன் கிளப்பு ஆளுங்க இத எடுத்துக்கிட்டுப் போவணும். இல்லேன்னா பக்கத்து வீட்டு ரம்பம் குடைக்குப் பக்கத்துலதான் சாத்தி வெச்சிருக்கு. நாலு துண்டாப் போட்டா பரண்ல ஏறிடும்.”

ரம்பம் உண்மையிலேயே அங்கே சாத்தியிருந்தது. கழகம் ஏற்றுக்கொண்டால் பலகை தேவாலயக் கூடத்துக்குப் போய், கண்காட்சி கண்டு, கழக அறையிலேயே நிலையாக வீற்றிருக்கும். ஏற்காவிடில் குவாரி வேறு, பாலம் வேறு, கடல் வேறு என்று நாலு துண்டாகும். இட்வால் அன்றிரவு ரொட்டியில் வெண்ணெய் தடவ மறந்து தின்றான்.

வியாழனன்று பலகையைச் சோதிக்க வந்தான் ஹெவின் மோஸ்டின்! கழகச் செயலாளன், ஐவிரல் விலக்குச் சட்டத்தை இயற்றியவன், காப்பவன், ஆண்டுதோறும் எழுந்து நின்று வாசிப்பவன், தன் சொந்தத் தம்பியின் நிலையத்தையே நடைமேடை ஒரு நூல் உயரம் என்று தள்ளுபடி செய்த தராசு நெஞ்சன், சென்ற ஆண்டு இட்வாலைத் திருப்பி அனுப்பிய கையெழுத்துக்கு உரியவன். நனைந்த தொப்பியைக் கழற்றினான், குனிந்தான், பலகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மூச்சு விடாமல் பார்த்தான். குதிரையிடம் வந்ததும் நின்றான். சென்ற ஆண்டு அது செம்பழுப்பாக இருந்தது. அந்தப் பாதையில் சாம்பல் நிறக் குதிரைதான் இருந்தது என்று இவன் வாதாடி, இருவரும் ஈஸ்டர் வரை பேசாதிருந்தார்கள்.

“சாம்பல் அடிச்சிருக்க.”

“நீ சொன்னதுதான்டா சரி. அப்புறமா விசாரிச்சேன்.”

ஹெவின் தொண்டையைச் செருமிக்கொண்டான். நீ சொன்னது சரி என்ற சொற்களை அவன் தன் வீட்டில் கேட்டதில்லை; கழகத்தில் கேட்டதில்லை; தன் நாயின் கண்களில்கூடக் கண்டதில்லை. இருந்தும் சட்டம் சட்டம்தான். மூன்று வாய்ப்பு என்று விரல் காட்டிவிட்டு, சுவரோரம் நாற்காலியில் அமர்ந்தான்.

முதல் முறை விடுத்தான் இட்வால். பாலம் முழங்கிற்று, குகை எதிரொலித்தது, செம்மறி பார்த்தது, வண்டி நின்றது. இரண்டாம் முறை, வழுக்கட்டுமென்று பென்சில் கரியைப் பொடித்து அச்சுதோறும் தூவி, உதட்டில் ஒரு வேண்டுதலோடு விடுத்தான். வண்டி நின்றது. மூன்றாம் முறை, அச்சுதோறும் மீண்டும் கரியைக் கொட்டி, குவாரிக் கதவைத் திறந்து, கைகளை முதுகுக்குப் பின்னே கோத்து, விரல் நகங்கள் உள்ளங்கையில் பதிய, நான்கு குளிர்காலமும் நாற்கண்ணும் ஒருங்கே திரண்டு நோக்க, குனிந்து நின்றான். வண்டி வந்தது. தளர்ந்தது. செம்மறியின் மூக்குக்கு நேரே நின்றது.

அவ்வேளையில் டீத்தட்டு ஏந்தி வாசலில் தோன்றினாள் நெஸ்டா. நின்ற வண்டியைப் பார்த்தாள். குடைக்குப் பக்கத்தில் ரம்பத்தைப் பார்த்தாள். கணவனின் முதுகுக்குப் பின்னே ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்த பத்து விரல்களைப் பார்த்தாள். அவளுக்கு முன்னறை வேண்டும், அதில் ஐயமில்லை; ஆனால் அந்த மனிதன் ரம்பத்தைக் கையில் எடுப்பதைப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை. பூனைநடை நடந்து பழகிய அந்த முன்னறையில், அன்று அவள் யானைப்படை புகுந்ததுபோல் நடந்து வந்தாள். பழைய மரத்தளம் அதிர்ந்தது. அலமாரியில் விசேஷக் கோப்பைகள் கிலுகிலுத்தன. வார்னீஷ் கடலோரத்துக் கனவான் குப்புற விழுந்தார். செம்மறி நடுங்கியது. வண்டி மெல்ல அசைந்து, தயங்கி, மனம் மாறி, வளைவைத் தாண்டி, குதிரை வைக்கோல் தின்ன, சிலேட்டு சலசலக்க, துறைமுகத்தில் போய் டொக்கென்று முட்டியது.

“கரி!” என்று கர்ஜித்தான் இட்வால். “பென்சில் கரிடா ஹெவின்! ஊறுறதுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துருக்கு, அவ்ளோதான்!”

ஹெவின் நெஸ்டாவைப் பார்த்தான். நெஸ்டா டீயை ஊற்றினாள்.

“பால் எவ்ளோ விடட்டும், ஹெவின்?”

“கொஞ்சம்.” அவன் கோப்பையை வாங்கி நெடுநேரம் கலக்கினான். “விரல் படல. சட்டப்படி எறங்கிருச்சு.”

வெள்ளியன்று கழகத்தார் அறுவர் ஜன்னல் வழியாக மலையை வெளியேற்றினார்கள். அன்று மாலையே நெஸ்டா முன்னறையை மெழுகி, திரைச்சீலை மாற்றி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். இட்வால் கதவருகே நின்று காலி இடத்தைப் பார்த்தான். அவள் அவனிடம் ரம்பத்தைக் கொடுத்து, திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள்.

புலர்ந்தது சனி! தேவாலயக் கூடத்தில் மேசைகள் அணிவகுத்தன. நனைந்த கோட்டுகளின் ஆவி மேகமென எழுந்தது. என் டீப்பாத்திரம் போர்முரசெனக் கொதித்தது. ஊரார் திரண்டு வந்து இட்வாலின் பலகையைச் சூழ்ந்தார்கள். தொடக்க ஓட்டத்தில் ஓடாத பலகை, வந்த வழியே வீடு திரும்ப வேண்டும் என்பது கழகத்தின் இரண்டாம் சட்டம். அதை இயற்றியவனும் ஹெவினே. நெஸ்டா அங்கே இல்லை. தங்கையை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போயிருந்தாள். கூடத்தின் தளமோ மரமன்று. மலைப்பாறையின்மேல் பாவிய கனத்த சிலேட்டுக்கல்.

இட்வால் நெஞ்சு நிமிர்த்தி முழங்கினான். “எல்லாரும் கிட்ட வந்து பாருங்க. இதுல எஞ்சின் கெடையாது, மோட்டார் கெடையாது, கை கெடையாது. அன்னிக்கு எப்பிடி எறங்குச்சோ அப்பிடியே எறங்கும்.” கதவைத் திறந்தான். கைகளைப் பின்னே கோத்தான்.

பாலம், குகை, பாறை. செம்மறி. வண்டி நின்றது.

“குதிரைய எறங்கி இழுக்கச் சொல்லுப்பா!” என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

“கரி ஊறணும்,” என்றான் இட்வால். “கொஞ்சம் பொறுங்க. ஊறினா தானா வரும்.”

பொறுத்தார்கள். மழை கூரையில் பெய்தது. நான் டீப்பாத்திரத்துக்குப் பின்னே நின்றபடி, வியாழக்கிழமைச் சேதியை ஹெவின் வாயால் கேட்டிருந்தவனாகையால், என் காலை ஓங்கித் தளத்தில் உதைத்தேன். சிலேட்டுக்கல் அசையவில்லை, என் குதிகால்தான் வலித்தது. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அது சிரிப்பைவிடக் கொடியதாக இருந்தது. மொர்வித்துக்காக மெழுகி வைத்த அறைக்கு மலை திரும்பிப் போக முடியாது என்பதும், பிறகு அது எங்கே போகும் என்பதும் அங்கிருந்த பாதிப்பேருக்குத் தெரியும். இட்வாலின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. கையை மட்டும் அவன் எடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னே, அன்னையின் விரலைப் பற்றிய குழந்தை போல, தன் விரலைத் தானே இறுகப் பற்றிக்கொண்டு, மலையைப் படைத்த அம்மாவீரன், மலைச்சரிவை மயிரிழையும் உயர்த்த மறுத்த அந்தச் சத்தியவான், மூக்குக்கண்ணாடி இரண்டுக்கும் பின்னே கண்களை இறுக மூடிக்கொண்டான்.

அப்போது, ஐவிரல் விலக்குச் சட்டத்தின் ஆதிகர்த்தாவும், கழகத் தூய்மையின் காவற்கோட்டமும், சொந்தத் தம்பிக்கே இரங்காத தராசு நெஞ்சனுமாகிய ஹெவின் மோஸ்டின், நாற்காலி கிரீச்சிட எழுந்து, கூட்டம் தானாக விலகி வழிவிட, பிறழாத நெறியும் பிசகாத நடையுமாய்ப் பலகையை அடைந்து, கண்மூடி நின்றவனை ஒருமுறையும் சாம்பல் குதிரையை ஒருமுறையும் நோக்கி, எங்கள் அனைவரையும் ஒவ்வொருவராக நோக்க, நாங்கள் ஒவ்வொருவராகக் கூரையைப் பார்க்கத் தொடங்கினோம்.

ஹெவின் விரலால் தள்ளிவிட்டான்.