ஆறு மில்லிமீட்டர் மழை

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகன் எழுதுவது. நான் நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் கத்திவிடுவேன் என்பதால் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது.

உங்கள் மொட்டை மாடி மழைமானியில் தினமும் தண்ணீர் ஊற்றியது நீங்கள்தான். மறுக்க வேண்டாம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நான் கேட்டது ஒரே ஓர் உதவி. நான் எடுக்கும் வேளாண்மை, சுற்றுச்சூழல் அறிமுகப் பாடத்தின் செய்முறைக்காகக் கல்லூரியில் ஒரு மழைமானி, ஊரின் மறுகோடியில் உங்கள் மாடியில் இன்னொன்று. காலை எட்டு மணிக்கு அளவைப் பார்த்துப் போனில் சொல்லுங்கள் என்றேன். இரண்டையும் ஒப்பிட்டு அறுபது நாள் அறிக்கை கொடுத்தால்தான் என் வேலை நிரந்தரமாகும் என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. முதல் நாள் "பூஜ்யம்டா மாப்ளே" என்றபோது ஏதோ துக்கச் செய்தி சொல்வதுபோல இருந்தது உங்கள் குரல். மறுநாள் ஆறு மில்லிமீட்டர். அதற்கு மறுநாளும் ஆறு. வானத்தில் பொட்டு மேகம் இல்லை, உங்கள் மாடியில் மட்டும் தவறாமல் ஆறு. அதை நம்பி, உங்கள் வீட்டுக்குப் பின்னால் என் மாணவர்கள் போட்ட பீன்ஸ் பாத்திகளுக்குத் தண்ணீர் விட வேண்டாம் என்று நானே சொன்னேன், பத்தாம் நாள் செடியெல்லாம் தலையைத் தொங்கப்போட்டுவிட்டது, முதல் வரிசைப் பெண் எழுந்து, "தினம் மழை பெஞ்சும் மண்ணு ஏன் சார் பாளம் பாளமா வெடிச்சிருக்கு?" என்று கேட்டாள், நான் களிமண், காற்று, ஆவியாதல் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். "அப்ப மழை பெஞ்சா செடி செத்துடுமா சார்?" என்றாள். வகுப்பு முடிந்தது என்று சொல்லிவிட்டேன். இதில் துறைத்தலைவரிடம் வேறு, உங்கள் தெருவுக்கென்று தனித் தட்பவெப்பம் இருக்கிறது என்று வரைபடம் போட்டுக் காட்டித் தொலைத்தேன். "பெரிய விஷயம்பா இது" என்று தோளில் தட்டினார். திங்கட்கிழமை அவர் முன்னால்தான் அறிக்கை.

நேற்று உங்கள் வீட்டில் அத்தை கொடுத்த டம்ளரை நான் அளந்து பார்த்தேன். நூற்றுத் தொண்ணூறு மில்லி. இருபது சென்டிமீட்டர் வாயுள்ள மழைமானியில் ஊற்றினால் சரியாக ஆறு மில்லிமீட்டர். இத்தனை நாளில் ஒரே ஒரு நாள் பன்னிரண்டு. அது என் பிறந்தநாள். "மழையா? ரெண்டு மாசத்துல நாலு நாள்தாண்டா கொடியில துணி நனைஞ்சுது" என்று அத்தை போட்டு உடைத்த பிறகுதான் நீங்கள் வாயைத் திறந்தீர்கள். "தினம் காலையில உள்ள கிடக்கிறதைக் கொட்டிட்டு ஒரு டம்ளர் ஊத்துவேன். முப்பது வருஷம் கம்பவுண்டரா இருந்தவன்டா நான். மருந்துக்கு வந்த ஒரு ஆளைக்கூடக் காலி பாட்டிலோட திருப்பி அனுப்புனதில்ல. உன்னை மட்டும் எப்படிடா அனுப்புவேன்?" சரி, அந்தத் தண்ணீரைப் பீன்ஸுக்காவது ஊற்றியிருக்கலாமே என்றேன். "செடியைத் தொடாதீங்கன்னு நீதானே சொன்னே?"

மாமா, பூஜ்யமும் ஓர் அளவுதான். கருவி காட்டுவதை எழுத வேண்டும், மனம் ஆசைப்படுவதை அல்ல. என் கல்லூரி மழைமானி அறுபது நாளும் பூஜ்யம் காட்டியது, நானும் அறுபது முறை பூஜ்யம் எழுதினேன். நடுவில் ஏதோ சில நாள் நானே தொப்பலாக நனைந்துதான் வந்தேன். இருந்தும் கருவி பூஜ்யம் என்றது, சட்டையைப் பிழிந்து போட்டுவிட்டுப் பூஜ்யம்தான் எழுதினேன். அதற்குப் பெயர்தான் ஒழுங்கு. உங்கள் டம்ளரும் அத்தையின் கொடிக்கயிறும் அறிவியல் ஆகாது. உங்கள் எண்களைத் தூக்கிப்போட்டுவிட்டு, என் எண்களை மட்டும் வைத்து அறிக்கை கொடுக்கப்போகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். இரண்டு பேரும் நூறு வயது இருங்கள், மாடிப்பக்கம் மட்டும் போகாமல்.

கோபம் தணியாத,
மருமகன்.

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது இங்கே மழை கொட்டித் தீர்த்தது. குடையோடு கல்லூரி மழைமானியிடம் ஓடினேன். கணுக்கால் வரை தண்ணீரில் நிற்கிறேன், மழைமானி பூஜ்யம் காட்டுகிறது. மேலே புனல் தளும்புகிறது, கீழே பாட்டில் வறண்டு கிடக்கிறது. புனலின் கழுத்தில், கடையிலிருந்து வந்தபோது செருகியிருந்த பிளாஸ்டிக் அடைப்பான் அப்படியே இருக்கிறது. அறுபது நாளும் நான் பாட்டிலை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். துணி நனைந்த அந்த நாலு நாள் எவை என்று அத்தையிடம் கேட்டு உடனே போன் செய்யுங்கள். லேசான ஈரம் என்றால் இரண்டு மில்லிமீட்டர், பிழிய வேண்டியிருந்தது என்றால் பத்து என்று போட்டுக்கொள்கிறேன். அத்தைக்குச் சரியாக ஞாபகம் இல்லையென்றால், நீங்களே பார்த்து டம்ளர் கணக்கில் சொன்னாலும் போதும், மாமா. ஆறால் பெருக்க எனக்குத் தெரியும்.