முதல் தெளிப்பு அடுத்த வீட்டுக்கு

தளிர்நாட்டில் தோட்டம் இல்லாத வீடு கிடையாது. தோட்டங்களுக்கு நடுவே வேலியும் கிடையாது. ரோஜா இலையில் மாவு தூவியதுபோல் சாம்பல் நோய் விழுந்தால், புளித்த மோரைத் தண்ணீரில் கரைத்து இளவெயிலில் தெளிப்பார்கள். அதில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் மோர் கரைத்தாலும் முதல் தெளிப்பு அடுத்த வீட்டுச் செடிக்கு. நோய்க்கு எல்லை தெரியாது, அருளுக்கும் தெரியாது என்று கோயிலில் சொல்லுவார்கள்.

மாசிலாமணிக்கு அந்த நாட்கள் இன்னும் மோர் வாசனையோடுதான் நினைவுக்கு வரும். மனைவி நட்ட பன்னீர் ரோஜா ஒன்று அவரிடம் இருந்தது. அவள் போன பிறகும் அதன் பூ காலைதோறும் அம்மன் சந்நிதிக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்து அன்னக்கொடி மோர்ச் செம்போடு வந்தால், "அண்ணே, உங்க செடி குளிச்சிருச்சு. நீங்க எப்ப?" என்று கேட்காமல் போக மாட்டாள்.

பிறகு தேர்தலில் வென்று புதிய மன்னர் வந்தார். ஆளுக்கொரு செம்பில் மருந்து கரைப்பது நாட்டுக்கு அழகல்ல, இனி அரண்மனைக் கந்தகப் பொடியே மருந்து என்று அறிவித்தார். அதைப் பெற, நோயுற்ற இலையை இலைநல மண்டபத்தில் நேரில் காட்ட வேண்டும். நாடே சாம்பல் இலைகளோடு அங்கே நெருக்கியடித்து நின்றது. நோய் இல்லாத தெருக்களுக்கும் அது சட்டையில் ஒட்டிக்கொண்டு போயிற்று.

அரசு உழைப்பது எல்லோர் கண்ணிலும் பட வேண்டுமென்று பொடியை உச்சி வெயிலில் தூவச் சொன்னார்கள். சூட்டில் கந்தகம் இலையையே கருக்கியது. மாசிலாமணி கருகிய இலையோடு போனார். இலைநல அமைச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில் சாம்பல் எங்கே? நோய் ஒழிந்துவிட்டது."

"இலையும் ஒழிஞ்சு போச்சுங்களே, ஐயா."

"அது வேறு துறை," என்றார் அமைச்சர்.

ஒருவர் மருந்து இன்னொருவர் செடிக்கு இலவசமாகப் பறந்துவிடக் கூடாதென்று, அடுத்து ஆளுயர ஓலைத் தடுப்புகள் எழுந்தன. காற்று நின்றது, நோய் செழித்தது. தேர்தல் நெருங்கியதும் இன்னொரு சட்டம் வந்தது. தன் தோட்டத்துப் பச்சை இலையோடு வருபவருக்கே ஓட்டு. பச்சை இலை அரண்மனைத் தோட்டத்தில் மட்டும்தான் இருந்தது. அங்கே இன்னும் மோர்தான் தெளித்தார்கள்.

பன்னீர் ரோஜாவில் ஒரே ஒரு தளிர் மிஞ்சியபோது, மாசிலாமணி ஒரு செம்பு மோரைப் புளிக்க வைத்தார். ஒரு செடிக்குத்தான் காணும். விடிந்ததும் செடி முன்னால் நின்றவருக்குக் கை எழவில்லை. முதல் தெளிப்பைத் தன் செடிக்கு அவர் ஒருநாளும் தெளித்ததில்லை. ஓலையை விலக்கி, அன்னக்கொடியின் ரோஜாவுக்கே செம்பு முழுவதையும் தெளித்துவிட்டு, வெறும் செம்போடு திரும்பினார்.

அவருடைய ரோஜாவிலிருந்து மோர் சொட்டிக்கொண்டிருந்தது. ஓலையின் மறுமூலை இடுக்கில் ஒரு கை செம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டது.

"பழக்கம் விடமாட்டேங்குதுண்ணே," என்றது ஓலை.

அன்று அந்தத் தெருவிலும், மறுநாள் அடுத்த தெருவிலும் ஓலைகள் சரசரத்தன.

தேர்தல் நாளில் பச்சை இலைகளின் வரிசை கோயில் வாசல்வரை நீண்டது. மாடத்திலிருந்து அதைப் பார்த்த அமைச்சர் உடனே முரசு அறையச் சொன்னார்: இன்று முதல் மோர் புளிப்பது சட்டப்படி குற்றம்.

வரிசை கலையவில்லை. மாசிலாமணி ஒதுங்கி, பின்னால் நின்ற அன்னக்கொடிக்கு வழி விட்டார்.

"நீ முன்னாடி போம்மா."